கோதுமையும் குடல்நோயும்: மருத்துவரிடம் எடுத்துரைக்க வேண்டுவன

பிழைப்பின் பொருட்டு வடநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் உணவு முறை மெல்ல மெல்ல மாறிவருவது இயல்பே. முதலில் வந்த பெரியவர்கள் இரு வேளை அரிசிச் சோறும் இரவில் மட்டும் இரண்டு சப்பாத்தியும் உண்டனர். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ காலையில் பராட்டா, பள்ளிக்குச் சப்பாத்தி, மாலையில் பிஸ்கட், இரவில் மீண்டும் ரொட்டி என்று வளர்கின்றனர். இதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. கோதுமை நல்ல தானியம்; கோடிக்கணக்கானோர் அதனை உண்டு வலிமையோடு வாழ்கின்றனர். ஆயினும் ஒரு சிலருடைய உடலுக்கு அத்தானியமே பகையாகி விடுகிறது. அந்த நிலையைச் 'சீலியாக் நோய்' என மருத்துவர்கள் அழைக்கின்றனர். அந்நோய் இன்னது என்பதையும், அதனைக் கண்டறிவதற்கு நோயாளியோ பெற்றோரோ மருத்துவரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பதையும் இத்திங்கள் நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

'மருத்துவரிடம் பேசுவதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமா?' என்று சிலர் நினைக்கலாம். வேண்டும் என்பதே நம் கருத்து. நம்மவர்க்கு மருத்துவரிடத்தில் மரியாதை அதிகம். 'டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது?' என்று வாய் மூடி இருந்துவிடுகிறோம். போதாக்குறைக்கு மொழியும் குறுக்கே நிற்கிறது. நெரிசல் மிகுந்த ஆஸ்பத்திரியில் நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் பாதி இந்திச் சொற்களைத் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது. மற்ற நோய்களில் இதனால் பெருந்தீங்கு நேராமற் போகலாம். சீலியாக் நோயிலோ, சொல்லாமல் விட்ட ஒரு சொல் பல ஆண்டுத் துன்பமாக வளர்ந்துவிடக் கூடும்.

நோய் யாது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் 'குளூட்டன்' என்னும் புரதப் பொருள் உண்டு. சப்பாத்தி மாவு பிசைந்தால் இழுபடுவதற்கு அதுவே காரணம். பிறவியிலேயே இந்நோய்க்கு இடங்கொடுக்கும் உடலமைப்பு உடைய சிலரிடத்தில், குளூட்டன் சிறுகுடலை அடைந்ததும், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்புறம் பட்டுத்துணியின் பொச்சம் போன்ற நுண்ணிய விரல்களால் நிறைந்தது. உண்ட உணவின் சத்தை உறிஞ்சுவன அவையே. அவ்விரல்கள் தேய்ந்து தட்டையாகிவிட, எவ்வளவு சத்துள்ள உணவை உண்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை.

வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், உடல் மெலிவு ஆகியவை இதன் வெளிப்படையான குறிகள். ஆனால் எல்லோரிடத்தும் அவை தோன்றுவதில்லை. இரும்புச் சத்து மாத்திரை எத்தனை கொடுத்தாலும் தீராத இரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் வளராமை, பூப்பெய்துதல் தாமதித்தல், வாயில் அடிக்கடி புண், எலும்புத் தேய்வு, காரணம் புலப்படாத கருச்சிதைவு அல்லது மகப்பேறின்மை, முழங்கை முழங்கால்களில் அரிக்கும் கொப்புளம் ஆகியவற்றுள் ஒன்றுமட்டுமே தோன்றுவதும் உண்டு. சிலர் மலச்சிக்கலோடு வருவர். சிலர் பருமனாகவும் இருப்பர். ஆகவே 'மெலிந்தவர்க்கே இந்நோய்' என்பது தவறு.

காலம் தாழ்வதன் காரணம்

2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி நமக்கு மிகவும் தொடர்புடையது. டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணா, டாக்டர் கோவிந்த் மகாரியா முதலியோர் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தனர். வடக்கே 1,000 பேருக்கு 8 அல்லது 9 பேரிடம் சீலியாக் நோய் காணப்பட்டது. தெற்கே அது 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தது. ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக் கூறு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவினதாக, 100க்கு 36 முதல் 38 பேர் வரை காணப்பட்டது. பெரிதும் வேறுபட்டது நாள்தோறும் உண்ணும் கோதுமையின் அளவே: வடக்கே ஒருவருக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம்.

இதன் பொருள் யாது? மரபுக் கூறு உள்ளவருள்ளும் மிகச் சிலர்க்கே நோய் தோன்றும். ஆகவே வடக்கே வந்த தமிழர் அனைவரும் அஞ்ச வேண்டும் என்பதன்று. 'தமிழர்க்கு இது வராது' என்று எண்ணியிருக்கவும் இடமில்லை என்பதே அதன் பொருள். 'நீங்கள் சோறு தின்பவர்கள். இது பஞ்சாபியர் நோய்' என்று இங்குள்ள மருத்துவர் சிலர் கூறிவிடுவதுண்டு. விடுமுறைக்கு ஊர் சென்று காட்டினாலோ, அங்குள்ள மருத்துவர் இந்நோயை அரிதாகவே கண்டிருப்பார். இதனை ஒத்த 'டிராப்பிக்கல் ஸ்ப்ரூ' என்னும் குடல்நோய் 1960க்குப் பின் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் கொள்ளை நோயாகவே பரவி, அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் விரிவாக ஆராயப்பட்டது. அந்நோய் ஃபோலிக் அமிலத்துக்கும் நோய்க்கிருமி மருந்துக்கும் கட்டுப்படுவது. சீலியாக் நோயோ எம்மருந்துக்கும் கட்டுப்படாது. குடற்காசநோய் என்று மாற்றிக் கருதப்படுவதும் உண்டு. இவ்வாறு இரு ஊர் மருத்துவர்களுக்கும் இடையே நம் பிள்ளைகள் அகப்பட்டுக்கொள்கின்றனர். தாம் எங்கு வாழ்கிறோம், என்ன உண்கிறோம் என்பதை நோயாளியே வாய்விட்டுச் சொன்னாலன்றி அந்த இடைவெளி நிரம்பாது.

தாயின் சொல்லிற் பிறந்த கண்டுபிடிப்பு

இந்நோயின் வரலாறே நம் கருத்துக்குச் சான்று பகரும். 1888ஆம் ஆண்டில் லண்டனில் சாமுவேல் கீ என்னும் மருத்துவர் இதனைத் தெளிவாக விவரித்தார். உணவே இதற்கு மருந்தாகக் கூடும் என்றும் கூறினார். ஆயினும் எந்த உணவு பகை என்பது அவர் காலத்தில் விளங்கவில்லை. பின்னர் ஹாலந்து நாட்டில் வில்லெம் கரேல் டிக்கே என்னும் குழந்தை மருத்துவரிடம் ஒரு தாய் வந்து, ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தை தேறுகிறது என்று கூறினாளாம். அவர் அதனை அலட்சியம் செய்யவில்லை. குறித்து வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஹாலந்தில் ரொட்டியே கிடைக்காமற் போயிற்று. மற்றக் குழந்தைகள் வாடிய அக்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி மீண்டும் கிடைத்ததும் நோயும் மீண்டதையும் மருத்துவர்கள் கண்டனர். 1950ஆம் ஆண்டில் டிக்கே தம் ஆராய்ச்சி நூலை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்தார்.

அத்தாய் மருத்துவம் பயின்றவள் அல்லள். தன் வீட்டில் கண்டதைச் சொன்னாள். கேட்பவரும் காது கொடுத்தார். மருத்துவர் கண்ணுக்கு எட்டாதது ஒன்று நோயாளியின் வீட்டில் உண்டு: அன்றாட நடப்பு. அதனை ஒழுங்காகக் கொண்டு சென்று அவர் முன் வைப்பது அவர் அறிவை ஐயுறுவதாகாது. அவர்க்குத் துணை செய்வதேயாகும்.

முதலில் அறிய வேண்டியது

அன்பர்கள் மறவாமற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐயம் தோன்றியவுடன் கோதுமையை நிறுத்திவிடலாகாது. கேட்பதற்கு இது விந்தையாக இருக்கலாம். நோயைக் காட்டும் இரத்தச் சோதனையும் குடற்சோதனையும் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே சரியான விடை தரும். நிறுத்திச் சில மாதங்கள் ஆனபின் சோதித்தால் நோய் உள்ளவர்க்கும் 'இல்லை' என்று வரலாம். அண்டை வீட்டார் சொல்லையோ கைப்பேசியில் வந்த செய்தியையோ நம்பிச் சப்பாத்தியை விட்டுவிட்டுப் பின்னர் மருத்துவரிடம் செல்வோர் பலர். அவ்வாறு முன்னரே நிறுத்தியிருந்தால் அதனை மறைக்காமற் கூறுங்கள். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மீண்டும் கோதுமை உண்டபின் சோதிக்கும் முறையும் உண்டு.

எழுதிச் செல்லுங்கள்

மருத்துவரைக் காணும் முன் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்வது நலம். முதலாவது, எந்தத் துன்பம் எந்த மாதத்தில் தொடங்கியது என்பது. இரண்டாவது, இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் உண்டதும், வயிற்றின் நிலையும். மூன்றாவது, இதுவரை எடுத்த இரத்தச் சோதனைகளின் அளவுகள், தேதி வரிசையில். நான்காவது, குழந்தையாயின் ஆண்டுதோறும் உயரமும் எடையும். பள்ளி உடல்நலக் குறிப்பில் இவை இருக்கும். ஐந்தாவது, குடும்பத்தில் எவர்க்கேனும் சீலியாக் நோயோ, தைராய்டு நோயோ, இளமையிலேயே இன்சுலின் தேவைப்பட்ட நீரிழிவோ உண்டா என்பது. இவற்றை ஒரே பக்கத்தில், இந்தியிலோ ஆங்கிலத்திலோ, வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டாவது எழுதுவித்துக் கையில் கொடுங்கள். பேச்சு தடுமாறினும் தாள் தடுமாறாது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்தது இது. பத்து வயதுச் சிறுமி, ஓயாத சோர்வு, வகுப்பிலேயே குள்ளம். இரண்டு ஆண்டுகள் இரும்புச் சத்து டானிக் மாறி மாறிக் கொடுத்தனர். 'கீரை கொடுங்கள், பெண் பிள்ளை, சரியாகச் சாப்பிடுவதில்லை' என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை. இறுதியில் அத்தாய் மூன்று ஆண்டு உயரக் கணக்கையும் ஐந்து ஹீமோகுளோபின் அளவுகளையும் ஒரு தாளில் எழுதிச் சென்று, "டாக்டர் சாகிப், மருந்து தவறாமல் கொடுத்திருக்கிறேன், இரத்தம் ஏறவில்லை, பெண்ணும் வளரவில்லை. சீலியாக் சோதனை செய்யலாமா? வேண்டாம் என்றால் காரணம் சொல்லுங்கள்" என்று பணிவோடு கேட்டார். மருத்துவர் தாளை நோக்கினார். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நோய் உறுதியாயிற்று. கோதுமையை விட்ட ஓராண்டில் அச்சிறுமி நன்கு வளர்ந்து, பள்ளி ஓட்டப் பந்தயத்திலும் பெயர் கொடுத்தாள். அத்தாய் உரத்துப் பேசவில்லை, சண்டையிடவில்லை. சோதனையைப் பெயர் சொல்லிக் கேட்டார். மறுத்தால் காரணம் வேண்டும் என்றார். இவ்விரண்டும் போதுமானவையாயின.

கேட்க வேண்டிய வினாக்கள்

சோதனையின் பெயர் 'டி.டி.ஜி. – ஐ.ஜி.ஏ.' என்பது. அதனோடு 'மொத்த ஐ.ஜி.ஏ.' அளவையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். சீலியாக் நோயாளிகளுள் 100க்கு இரண்டு மூன்று பேர்க்கு இரத்தத்தில் ஐ.ஜி.ஏ. என்னும் பொருளே குறைவு. அவர்க்கு முதற்சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டிவிடும்.

சோதனை நோயைச் சுட்டினால், எண்டோஸ்கோப்பிக் குழாயின் வழியே சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சிறு சிறு தசைத் துணுக்குகள் எடுத்துப் பரிசோதிப்பர். இந்நோய் குடலில் திட்டுத் திட்டாகவே காணப்படலாம். ஆதலின், 'பல இடங்களிலிருந்து, நான்கைந்து துணுக்குகளேனும் எடுப்பீர்களா?' என்று முன்னரே கேட்பது தகும். குழந்தைகளில் இரத்த அளவு மிக மிக உயர்ந்திருந்தால், மறு சோதனையோடு, எண்டோஸ்கோப்பி இன்றியே முடிவு செய்ய 2020ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதல் இடமளிக்கிறது. இது நம் பிள்ளைக்குப் பொருந்துமா என்றும் குடல்நோய் நிபுணரைக் கேட்கலாம்.

கேட்டும் மறுக்கப்பட்டால், மனம் தளர வேண்டா. 'இச்சோதனை இப்போது தேவையில்லை என்று தாங்கள் கருதுவதைச் சீட்டில் எழுதித் தர இயலுமா?' என்று பணிவாகக் கேளுங்கள். எழுத வேண்டும் என்ற நிலையில் மருத்துவரும் மறுபடி எண்ணிப் பார்ப்பார். அப்பாலும் ஐயம் தீராவிடில் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட நோயாளர் உரிமைப் பட்டய வரைவும் இரண்டாம் கருத்துப் பெறுவதை உரிமையாகவே கூறுகிறது. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி தம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆகவே ஒவ்வொரு தாளையும் வாங்கி ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் நம் குடும்பங்களுக்கு அக்கோப்பு பெருந்துணை.

நோய் உறுதியான பின்

இதற்கு இன்றுவரை மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை நீக்குவதே சிகிச்சை. 'சிறிதளவு பரவாயில்லை', 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று எவர் கூறினும் ஏற்கலாகாது. நம் நல்வினைப் பயனாகத் தமிழர் அடுக்களை இதற்கு மிகவும் இசைந்தது. அரிசி, உளுந்து, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு அனைத்தும் உண்ணலாம். இட்லியும் தோசையும் இடியாப்பமும் தடையற்றவை. ரவை, சேமியா, மைதா மூன்றும் கோதுமையே என்பதால் உப்புமா, ரவா தோசை, கேசரி, பரோட்டா ஆகியவை விலக்கத்தக்கன. மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருவன, அவையும் ஆகா.

நம் வீடுகளில் எவரும் ஐயுறாத பொருள் ஒன்று உண்டு: பெருங்காயம். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது பரவலான வழக்கம். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று நாள்தோறும் அது உள்ளே செல்லும். 'எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம், இன்னும் தேறவில்லையே' என்று வருந்துவோர் முதலில் பெருங்காய டப்பாவின் மேற்சீட்டைப் படிக்கட்டும். இவ்வூர் மருத்துவரோ உணவு ஆலோசகரோ இதனைத் தாமாகக் கேட்கமாட்டார். அவர் தரும் பட்டியலில் ரொட்டியும் சமோசாவும் இருக்கும், ரசம் இராது. நம் சமையலை நாமே விவரித்துச் சொல்ல வேண்டும். கோதுமை அரைக்கும் சக்கியிலேயே அரிசி மாவு அரைப்பதும் தீங்கே. வீட்டிலேயே தனியாக அரைத்துக்கொள்வது நல்லது. கடைப் பொருள்களில், 'குளூட்டன் அற்றது' என்று அச்சிடுவதற்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி.

மருத்துவரிடம் பேச வேண்டுவன இதனோடு முடிவதில்லை. புதிய மாத்திரை எழுதும்போதெல்லாம், 'இதில் சேர்த்துள்ள மாவுப் பொருள் கோதுமையிலிருந்து வந்ததா?' என்று மருந்துக் கடையிலும் கேளுங்கள். பெரும்பாலும் மக்காச்சோள மாவே இருக்கும், எனினும் கேட்பது பாதுகாப்பு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் சேர்க்கை நாளிலேயே செவிலியரிடமும் உணவுப் பிரிவிலும் எழுதிக் கொடுங்கள். ஆறு மாதம், ஓராண்டு கழித்து டி.டி.ஜி. அளவு குறைந்துள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு, வைட்டமின் டி, எலும்பின் வலிமை ஆகியவற்றையும் நினைவூட்டுங்கள். பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகிய நெருங்கிய உறவினருள் 100க்கு 7 அல்லது 8 பேர்க்கு இந்நோய் இருக்கக் கூடும். ஆகவே அவர்களையும் சோதிக்கக் கேளுங்கள்.

பள்ளி ஆசிரியர், திருமண வீட்டார், கோயிற் பிரசாதம் வழங்குவோர் என்று இன்னும் பலரிடம் இதனையே பல முறை சொல்ல நேரும். 'விருந்தில் குறை சொல்கிறார்கள்' என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அவர்கட்கு நாம் கூறுவது ஒன்றே: இலையில் ஒரு கரண்டி கேசரியை மறுக்கும் குழந்தை அடம் பிடிக்கவில்லை; தன் உடலைக் காத்துக்கொள்கிறது. அக்குழந்தையை வற்புறுத்தாதிருத்தல் நம் எல்லோருடைய கடமையுமாகும்.

தாய்மார்களே, தீராத இரத்தசோகையோ வளராத உயரமோ உங்கள் இல்லத்தில் இருந்தால், இன்றே ஒரு தாளை எடுத்துத் தேதிகளை எழுதத் தொடங்குங்கள். கோதுமையை நிறுத்தாமல், அத்தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள். இந்தி தெரிந்த அண்டை வீட்டு அன்பர்கள் துணைக்கு உடன் சென்று உதவுவார்களாக.